ஒரே எழுத்து, இரண்டு பிரதி: நான்கு வயதுச் சிறுமியின் மூளை லூபஸ்

உடலின் நோயெதிர்ப்புப் படையே சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோயான லூபஸ் என்றதும் நினைவுக்கு வருவது இருபதிலோ முப்பதிலோ இருக்கும் ஒரு பெண். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். நான்கு வயதுக் குழந்தையைக் காட்டி "இவளுக்கு லூபஸ்" என்றால், அனுபவப்பட்ட மருத்துவர்கூட முதலில் வேறு நோயைத்தான் தேடுவார். அப்படியொரு சிறுமியைப் பற்றிய ஆய்வு 2014ல் 'ஆர்த்ரைட்டிஸ் அண்ட் ருமட்டாலஜி' இதழில் வந்தது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு செய்த வேலை அது. அவளுக்கு இருந்தது மூளையைத் தாக்கிய லூபஸ்.

லூபஸ் மூளைக்குப் போவது ஏன் சிலருக்கு மட்டும் நடக்கிறது என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. "எங்க பரம்பரையில யாருக்கும் இது இல்லையே" என்பதும் கூடவே வரும். இரண்டுக்குமே இந்தச் சிறுமியின் நிகழ்வில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் எல்லா லூபஸ் நோயாளிகளுக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

கண்டுபிடித்தது எப்படி

ஆய்வாளர்களின் கணக்கு எளிமையானது. லூபஸில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது இரட்டையர் ஆய்வுகளிலேயே தெரியும். 1992ல் வந்த ஓர் ஆய்வில், ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 24 சதவீதம். சாதாரண இரட்டையரில் அது 2 சதவீதம்தான். இந்த 24ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம். மரபணு முக்கியம் என்று ஒன்று. அச்சு அசலாக அதே டி.என்.ஏ. இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு நோய் வரவில்லையே என்று இன்னொன்று. முப்பது வயதில் வரும் லூபஸுக்குப் பின்னால் ஹார்மோன், தொற்று, வெயில், புகை என்று முப்பது வருட வாழ்க்கை இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன வாழ்ந்த வாழ்க்கை? நோய் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கடுமையாக வருகிறதோ அந்த அளவுக்கு ஒற்றை மரபணுக் கோளாறு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே இவளுடைய டி.என்.ஏ.வைப் படித்தார்கள்.

அதற்குச் செய்த எக்ஸோம் சோதனையில் டி.என்.ஏ. முழுவதையும் படிப்பதில்லை. புரதம் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கும் பகுதியை மட்டும், அதாவது மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தை மட்டும், படிக்கிறார்கள். அதிலேயே யாரை எடுத்தாலும் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் இருக்கும், எனக்கும் உங்களுக்கும்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. சலித்துச் சலித்துக் கடைசியில் இவளிடம் மிஞ்சியது ட்ரெக்ஸ்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் அந்தப் புரதத்தின் 97ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்துவிட்டது. மரபணுவின் இரண்டு பிரதியிலும் அதே பிழை.

இரண்டு பிரதியிலும் என்றால், வழக்கமாக அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பொருள். ஒற்றைப் பிரதி மட்டும் கெட்டிருக்கும் பெற்றோருக்கு, இந்த வகை மாற்றத்தில், பொதுவாக எந்தத் தொந்தரவும் தெரியாது. பரம்பரையில் யாருக்கும் இல்லையே என்பதற்கு இதுதான் விடை. இருந்தது, வெளியே தெரியவில்லை.

மாற்றத்தைக் கண்டுபிடித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். 'கேடு செய்யலாம்' என்று கணினி சொன்னதை நம்பி விட்டுவிடாமல், மாறிய புரதத்தையே வைத்துச் சோதித்தார்கள். டி.என்.ஏ.வை வெட்டும் அதன் திறன் 20 மடங்கு குறைந்திருந்தது. சிறுமியின் இரத்தத்தில், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா தூண்டிவிட்ட மரபணுக்களின் தடமும் தூக்கலாக இருந்தது. மரபணு, நொதி, இரத்தம் மூன்றும் ஒரே திசையைக் காட்டின.

ட்ரெக்ஸ்1 என்ன செய்கிறது

பின்னிய ஸ்வெட்டரின் நூல்முனை ஒன்று கையில் சிக்கினால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே வரும். ட்ரெக்ஸ்1 டி.என்.ஏ.வை அப்படித்தான் முனையிலிருந்து எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தள்ளுகிறது. இதை முதலில் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் நொதி என்றுதான் நினைத்தார்கள். இதைத் தேடிப் போனவர்களில் ஒருவர் தாமஸ் லிண்டால், டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்காக 2015ல் வேதியியல் நோபல் பெற்றவர். பழுதுபார்க்கும் நொதி இல்லாத எலிக்குப் புற்றுநோய் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 2004ல் லிண்டால், டெபோரா பார்ன்ஸ் குழுவினர் ட்ரெக்ஸ்1 நீக்கிய எலிகளைப் பற்றி எழுதியபோது சொன்னது வேறு. எலிகளுக்கு வந்தது இதயத் தசை அழற்சி.

அந்தப் புதிருக்கு விடை கிடைக்கப் பத்து வருடம் ஆனது. செல்லில் டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே டி.என்.ஏ. தென்பட்டால் வைரஸ் உள்ளே வந்துவிட்டது என்றுதான் செல் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்ளும் காவல் புரதம் சிகாஸ். 2013ல் டாலஸ் நகரில் ஷிஜியன் சென் குழு அதைக் கண்டுபிடித்தது. சிகாஸ் விழித்தால் ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்துக்குச் செய்தி போகும், அங்கிருந்து இன்டர்ஃபெரான் உற்பத்தி தொடங்கும். வைரஸ் வந்த வேளையில் உயிர் காக்கும் ஏற்பாடு இது. ஆனால் நம் சொந்த டி.என்.ஏ. துணுக்குகளும் உட்கருவுக்கு வெளியே சிதறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றைச் சிகாஸின் கண்ணில் படாமல் கூட்டிப் பெருக்குவதுதான் ட்ரெக்ஸ்1. பெருக்குவது நின்றால் வராத வைரஸை எதிர்த்துப் போர். ட்ரெக்ஸ்1 இல்லாத எலியில் சிகாஸையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலி பிழைத்துக்கொள்கிறது என்று 2015ல் காட்டியபோது கதை முடிச்சவிழ்ந்தது.

ஒரு சின்னச் செய்தி: புற ஊதாக் கதிர் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த டி.என்.ஏ.வை ட்ரெக்ஸ்1 எளிதில் வெட்ட முடிவதில்லை என்று 2013ல் காட்டினார்கள். வெயில் பட்டால் லூபஸ் ஏன் கிளம்புகிறது என்பதற்கு ஒரு காரணமாவது இங்கே கிடைக்கிறது.

ட்ரெக்ஸ்1 மூளையோடு சம்பந்தப்பட்டது என்பது இந்தச் சிறுமிக்கு முன்பே தெரியும். 1984ல் ழான் ஐகார்டி, பிரான்சுவாஸ் கூட்டியேர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே வைரஸ் தாக்கியது போன்ற மூளைப் பாதிப்பு, மூளைக்குள் சுண்ணாம்புப் படிவு, முதுகுத் தண்டு நீரில் கூடுதல் வெள்ளணுக்கள். ஆனால் வைரஸ் எதுவும் இல்லை. அந்த ஐகார்டி-கூட்டியேர் நோய்க்கு ட்ரெக்ஸ்1 கோளாறு ஒரு காரணம் என்று 2006ல் யானிக் க்ரோ குழு சொன்னது. மறு வருடமே அதே மரபணு லூபஸ் நோயாளிகளிடமும் சிக்கியது: 417 பேரில் 9 பேருக்கு அரிய மாற்றங்கள். அதே காலகட்டத்தில், குளிரில் விரல் நுனி சிவந்து வீங்கிப் புண்ணாகும் குடும்ப நோய் ஒன்றும், நடுவயதில் கண் இரத்தக்குழாயையும் மூளையின் வெள்ளைப் பகுதியையும் அரிக்கும் நோய் ஒன்றும் ட்ரெக்ஸ்1 கணக்கில் சேர்ந்தன. மரபணுவின் எந்த இடத்தில் பிழை, ஒரு பிரதியிலா இரண்டிலா என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறுகிறது.

மூளை ஏன்?

இன்டர்ஃபெரான் மூளைக்கு ஆகாது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களே இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவைச் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்கு மூளை அழற்சியும் சுண்ணாம்புப் படிவும் வந்தன. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் பலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லாமல், ஊசியினாலேயே. அவர்களில் சிலருக்கு லூபஸ் போன்ற நோயும் வந்தது.

ஆனாலும் இது முழு விடை ஆகாது. ட்ரெக்ஸ்1 இல்லாத எலிக்கு இதயம் போகிறது, குழந்தைக்கு மூளை போகிறது. ஒரே இன்டர்ஃபெரான், வேறு வேறு இலக்கு. 'இன்டர்ஃபெரான் கூடியது, மூளை கெட்டது' என்று ஒரே வரியில் முடிக்கும் விளக்கங்களைப் படிக்கும்போது இந்த எலியை நினைத்துக்கொள்வேன்.

பெரியவர்களிடம் இது எவ்வளவு தூரம் செல்லும்?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 2010ல் ஹாலந்தின் லைடன் குழு, மூளை, மனப் பாதிப்புள்ள 60 லூபஸ் நோயாளிகளிடம் ட்ரெக்ஸ்1ஐத் தேடியது. நோய்க்குக் காரணமாகக்கூடிய மாற்றம் ஒரே ஒருவரிடம் கிடைத்தது. 2011ல் 8,000க்கும் மேற்பட்ட லூபஸ் நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், அரிய ட்ரெக்ஸ்1 மாற்றங்கள் அரை சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் வந்தது. அரிதல்லாத, பலரிடமும் காணப்படும் ஒரு ட்ரெக்ஸ்1 வடிவம் ஐரோப்பிய வம்சாவளி லூபஸ் நோயாளிகளில் நரம்பியல் பாதிப்போடு, குறிப்பாக வலிப்போடு, சேர்ந்து வந்தது. கூடுதல் வாய்ப்பு சுமார் 1.7 மடங்கு.

சிறுமியிடம் 20 மடங்கு செயலிழப்பு, பெரியவர்களிடம் 1.7 மடங்கு சாய்வு. அதே மரபணுதான், ஆனால் இந்த இரண்டு எண்ணும் ஒரே வகைச் செய்தி அல்ல. முதலாவது நோயின் காரணம். இரண்டாவது, தராசுத் தட்டில் விழும் பல பொடிக் கற்களில் ஒன்று.

மற்றக் கற்களும் தெரிய வந்திருக்கின்றன. 2016ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில் மூளை லூபஸோடு பொருந்தியவை, ஆன்டிபாடியின் (அந்நியப் பொருளை ஒட்டிப் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதம்) வாலைப் பிடிக்கும் இரண்டு ஏற்பிகளும் ஐ.டி.ஜி.ஏ.எம். என்ற மரபணுவும். மூன்றும் கழிவை விழுங்கி அகற்றும் வேலையோடு தொடர்புள்ளவை என்பதைக் கவனியுங்கள், திரும்பவும் துப்புரவுதான். சுவீடன் நோயாளிகளிடம் ஸ்டாட்4 மரபணுவின் ஒரு வடிவம், இரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாடிகளோடும் மூளைப் பக்கவாதத்தோடும் சேர்ந்து காணப்பட்டது. பக்கவாதம் என்பது அழற்சி அல்ல, அடைப்பு. வலிப்புக்கு ஒரு பாதை, பக்கவாதத்துக்கு இன்னொரு பாதை.

இந்தத் துறையின் பெரிய சிக்கலே இதுதான் என்பது என் கருத்து. 1999ல் அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி லூபஸின் நரம்பு, மனப் பாதிப்புகள் என்று 19 வகைகளைப் பட்டியலிட்டது. தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மனப்பிறழ்வு, பதற்றம், கை கால் நரம்புப் பாதிப்பு எல்லாம் ஒரே சாக்கில். அந்தச் சாக்குக்கு ஒரு மரபணு தேடினால் என்ன கிடைக்கும்? போதாததற்கு, லூபஸ் உள்ளவருக்கு வரும் எல்லாத் தலைவலியும் லூபஸால் வருவதில்லை. நோய் கண்டறிந்த புதிதில் வந்த நரம்பு, மனப் பாதிப்புகளைப் பல நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து ஆராய்ந்தபோது, உண்மையிலேயே லூபஸின் கணக்கில் எழுத முடிந்தவை 19 முதல் 38 சதவீதம்தான், எந்த விதியைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து. மிச்சம் தொற்று, இரத்த அழுத்தம், மருந்து, மன உளைச்சல். ஸ்டீராய்டே மனநிலையைக் குலைக்கும். 1972ல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு நாளைக்கு 40 மில்லிகிராமுக்குள் இருந்தபோது 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வந்தது, 80க்கு மேல் போனபோது 18.4 சதவீதம் பேருக்கு. நோயாளிகளைப் பிரிக்கும்போதே மூன்றில் இரண்டு பங்கு தவறிப்போனால், பின்னால் செய்யும் மரபணுக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன பயன்?

அப்புறம், மரபணு மட்டும் போதாத இன்னொரு வழியும் இருக்கிறது. பெட்டி டயமண்ட் குழு 2001ல் காட்டியது: லூபஸில் டி.என்.ஏ.வை எதிர்க்கும் ஆன்டிபாடிகளில் சில, மூளைச் செல்களில் நினைவுக்கு உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பியையும் பிடிக்கின்றன. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு மூடியிருக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. எலிகளுக்குப் பாக்டீரிய நச்சைக் கொடுத்துத் தடுப்பைத் திறந்தபோது, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் பகுதிச் செல்கள் செத்தன. அட்ரினலின் கொடுத்துத் திறந்தபோது அடிபட்டது அச்சத்தைக் கையாளும் அமிக்டாலா. ஆன்டிபாடி ஒன்றுதான், கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதில்தான் வித்தியாசம். மனிதரில் இது எந்த அளவுக்கு என்பது வேறு விஷயம். என்றாலும் ஒரு சிறுநீர்த் தொற்றுக்குப் பிறகு திடீரென்று குழம்பிப்போகும் லூபஸ் நோயாளியைப் பார்க்கும்போது இந்த எலிச் சோதனையை ஒதுக்கிவிட முடிவதில்லை.

யாருக்குச் சோதனை கேட்பது

முப்பது வயதில் மூட்டுவலி, முகச் சிவப்பு, நடுவில் ஒருமுறை ஃபிட்ஸ் என்று வரும் பெண்ணுக்கு எக்ஸோம் சோதனை எழுதுவதில் இப்போதைக்குப் பெரிய பயன் இல்லை. லூபஸோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூறைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் சிறிது தள்ளும், அவ்வளவுதான். அதை வைத்து அவருக்கு மூளைப் பாதிப்பு வருமா வராதா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழந்தை என்றால் கதை வேறு. ஐந்து வயதுக்குள் லூபஸ், பையனுக்கு வந்த லூபஸ், ஸ்கேனில் மூளையில் சுண்ணாம்பு, குளிரில் விரல் காது நுனிகளில் புண், உடன்பிறந்தவருக்கும் இதே நோய், பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்று இவற்றில் ஏதாவது இருந்தால் ஒற்றை மரபணுக் கோளாறைத் தேடத்தான் வேண்டும். கடைசியாகச் சொன்னது நமக்கு நெருக்கமான விஷயம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் மறையவில்லை, இந்தியாவிலேயே அதிகம் உள்ள மாநிலங்களில் ஒன்று நம்முடையது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடும். இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட அல்ல. ஆனால் பெற்றோரின் உறவுமுறையைக் கேட்காமல் குழந்தை லூபஸின் கேஸ் ஷீட்டை முடிப்பது பெரிய விடுபடல்.

எக்ஸோமுக்கு முன் செய்யக்கூடிய மலிவான சோதனை ஒன்று உண்டு. இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதச் சங்கிலியின் முதல் கண்ணி சி1க்யூ. அது பிறவியிலேயே இல்லாதவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு லூபஸ் போன்ற நோய் வருகிறது, ஒரு பகுதியினருக்கு வலிப்பு போன்ற மூளைப் பாதிப்பும் சேர்ந்து. இந்தியக் குழந்தைகளிடமும் பதிவாகியிருக்கிறது. இதில் ஏமாந்துபோக இடம் இருக்கிறது. அதே சங்கிலியில் வழக்கமாகப் பார்க்கும் சி3, சி4 இரண்டும் சரியாக இருக்கும், அதைப் பார்த்துக் காம்ப்ளிமென்ட் நார்மல் என்று எழுதிவிடுவார்கள். சங்கிலி முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் சி.எச்.50 சோதனை கேட்டால் அது பூஜ்யத்தை ஒட்டி வரும். சி1க்யூ இல்லாத குழந்தைக்கு உறைந்த பிளாஸ்மா ஏற்றினால் இல்லாத புரதம் கிடைக்கிறது, ஆனால் சீக்கிரமே தீர்ந்துவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமானவர்களும் உண்டு. மரபணுக் கோளாறு என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிகிச்சைக்கு என்ன கிடைத்தது

மூளையைத் தாக்கும் கடும் லூபஸுக்கு இன்றும் கைகொடுப்பது இரத்தக்குழாய் வழி ஏற்றும் ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும்தான். 2005ல் 32 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனையில் சைக்ளோபாஸ்பமைடு பெற்ற 19 பேரில் 18 பேருக்குப் பலன், ஸ்டீராய்டை மட்டும் தொடர்ந்த 13 பேரில் 7 பேருக்கு. இரண்டுமே ஒட்டுமொத்தப் படையையும் அடக்கும் மருந்துகள், எந்தச் சிப்பாய் குழப்பம் செய்தான் என்று பார்க்காதவை. மரபணு தெரிந்ததால் ஆஸ்திரேலியக் குழுவால் குறிப்பாக ஒன்றைச் சொல்ல முடிந்தது: இந்தச் சிறுமி இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவை முடக்கும் சிகிச்சைக்கு ஏற்றவள்.

அந்த ஆய்வில் பங்கேற்ற கரோலா வினுவேசாவின் குழு தேடலை விடவில்லை. ஏழு வயதில் லூபஸ் கண்டறியப்பட்ட ஒரு ஸ்பானியச் சிறுமியிடம் டி.எல்.ஆர்.7 என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டு 2022ல் எழுதினார்கள். இங்கே கோளாறு நேர்மாறு. காவல் புரதமே அளவுக்கு மீறி விழிப்பாக இருந்தது. எலிக்கு அதே மாற்றத்தைப் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்தது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பதை, பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று முதலில் சொன்னதோடு சேர்த்துப் படிக்கலாம்.

மருந்துகளும் நகர்ந்திருக்கின்றன. ஐகார்டி-கூட்டியேர் நோயுள்ள 35 பேருக்கு, இன்டர்ஃபெரானின் செய்தி செல்லுக்குள் போகும் வழியை அடைக்கும் பாரிசிட்டினிப் மாத்திரை கொடுத்த அனுபவம் 2020ல் வெளியானது. பலர் வளர்ச்சிப் படிகளில் முன்னேறினார்கள். அதே மாத்திரை சாதாரண லூபஸுக்கான இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்றில் தேறி, மற்றதில் தோற்று, 2022ல் கைவிடப்பட்டது. ஒரே வழி அடைபட்டவர்களுக்குத் திறந்துவிட்ட சாவி, நூறு வழியில் நோய் வந்தவர்களின் கூட்டத்தில் திரும்பவில்லை.

இன்டர்ஃபெரானின் ஏற்பியையே மூடும் அனிஃப்ரோலுமாப் ஊசிக்கு 2021 ஜூலையில் அமெரிக்காவில் லூபஸுக்கு அனுமதி கிடைத்தது, பெரியவர்களுக்கு மட்டும். சிறுமியின் கட்டுரை எந்த மருந்துக்காகக் காத்திருந்ததோ, ஏறக்குறைய அதுவே. அந்த அனுமதிக்கு அடிப்படையான சோதனைகளில், மூளையைக் கடுமையாகத் தாக்கிய லூபஸ் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.